மூன்றாம் ஷிப்டும் பாரதக் கூத்தும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடிகிறவை மூன்று. சிப்காட் தொழிற்சாலைகள் பலவற்றின் மூன்றாம் ஷிப்ட் அந்த நேரத்தில்தான் ஓடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிக்குத் தடை போட்டிருப்பதும் அதே எட்டு மணி நேரத்துக்குத்தான். திரௌபதி அம்மன் திருவிழா நடக்கிற ஊர்களில் கூத்துக் களரி கட்டி ஆடுவதும் ஏறக்குறைய அதே பொழுதில். ஷிப்டின் நேரத்தைக் கம்பெனி நிர்வாகம் முடிவு செய்கிறது. ஒலிபெருக்கித் தடையை மத்திய அரசு விதித்தது. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாள்வரை, அதுவும் நள்ளிரவு 12 மணிவரை மட்டும் தளர்த்தலாம். கூத்தின் இரவைப் பற்றி முடிவெடுக்கிறவர் யார்?

நடனத் துறையில் தலைமை பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரு மேதையின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறோம். அந்தப் பேச்சு ஆட்டத்தின் அழகை விளக்கும். ஆடுகிறவரின் வாழ்க்கையை விளக்காது. எந்தத் தேதியில் ஆடுவது, கிடைத்த பணத்தை எப்படிப் பிரிப்பது, யாருக்குச் சொல்லிக்கொடுப்பது, யாருக்கு எந்த வேஷம் என்பவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் தலைமை இருக்கிறது. அந்த இடத்தில் ஆடுகிறவர்கள் அனைவருக்கும் குரல் இல்லாவிட்டால் ஆட்டமும் நெடுநாள் நிற்காது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தத் தொழில் வட்டாரத்தில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அன்றாடம் புழங்கும் மண். மாவட்டத்தின் பல ஊர்களில் கோடையில் மகாபாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. திரௌபதி திருமணம், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாளொரு கதையாக நகர்ந்து, கடைசி நாள் காலையில் மண்ணால் கிடத்தப்பட்ட துரியோதனனின் பேருருவத்தருகே படுகளமும், மாலையில் தீமிதியும் நடந்து முடியும். அர்ச்சுனன் வேஷக்காரர் உயர்ந்த தபசு மரத்தின்மேல் பாடியபடி ஏறுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். மேலிருந்து விழும் எலுமிச்சையும் விபூதியும் அவர்களுக்குப் பிரசாதம். ஆட்டம் இங்கே வழிபாட்டின் உறுப்பு. அதை நிறுத்தினால் திருவிழாவே முறிந்துபோகும்.

எல்லை தாண்டியும் இந்த உலகம் விரிகிறது. அத்திப்பள்ளியைக் கடந்தால் ஆனேக்கல். அங்கும் தர்மராயசாமி கோயிலில் கரகம் எடுக்கிறார்கள். பெங்களூரு கரகம் அதைவிடப் பெரிது. திகளர் சமூகத்தைச் சேர்ந்த ஆண் ஒருவர் பெண்ணாகக் கோலம் பூண்டு, திரௌபதியின் சக்தி குடிகொண்டதாக நம்பப்படும் பூங்கரகத்தைத் தலையில் ஏந்தி, சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் நகரம் முழுவதும் நடந்தும் ஆடியும் வருவார். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவில் கரகம் நின்று செல்வது நீண்ட நாள் வழக்கம். ஒரே தெய்வத்தின் பெயரால் இந்து, முஸ்லிம், தமிழ்வழித் திகளர், கன்னடர், தெலுங்கர் என எல்லோரும் ஒரே இரவில் ஒரே தெருவில் நிற்கிறார்கள். பார்ப்பவர்களை உள்ளடக்குவதில் நம் மரபு இவ்வளவு தாராளமானது. முடிவெடுப்பவர்களை உள்ளடக்குவதில் அது அப்படி இல்லை.

வடதமிழகத்தில் கூத்துக் குழுவை ஜமா என்றும் நாடக மன்றம் என்றும் சொல்வார்கள். அதன் தலைவர் வாத்தியார். அவரே பாடம் சொல்லிக்கொடுப்பார், வேஷம் ஒதுக்குவார், ஊர்க்காரர்களிடம் வெற்றிலை பாக்கு மாற்றித் தேதி பேசுவார், பணம் வாங்கிப் பிரிப்பார். சில ஜமாக்களில் வரும்படியைப் பங்குகளாகப் பிரிக்கிறார்கள். சிலவற்றில் இரவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். பருவம் தொடங்கும்முன் ஆட்டக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவைப்பது பரவலான ஏற்பாடு. அந்த அட்வான்ஸ் மழைக்காலத்தில் அடுப்பெரிய உதவும். அதுவே கழியும்வரை வேறு ஜமாவுக்குப் போகவிடாத கட்டாகவும் ஆகும். ஊர்ப்பக்கத்தில் ஊர்க்கவுண்டர், தர்மகர்த்தா, விழாக் குழு ஆகியோர் முடிவெடுப்பார்கள். இந்த இரண்டு தலைமைகளுக்கும் நடுவே மத்தளக்காரர், முகவீணைக்காரர், பின்பாட்டுக்காரர், புதிதாய்ச் சேர்ந்த இளைஞர் ஆகியோர் தம் பங்குக்காகக் காத்து நிற்பவர்கள்.

இந்த ஏற்பாட்டைப் பழிப்பது எளிது. ஆனால் வாத்தியார் முறைக்கு ஒரு பலம் உண்டு: பொறுப்பு ஓர் ஆளிடம் தெளிவாக இருக்கிறது. ஊர் பணம் பாக்கி வைத்தால் அவர் கைப்பணத்திலிருந்து கொடுப்பதுண்டு. விடியும்வரை தாளம் தளராமல் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். அரங்கத்துக்கு அந்த ஒருமை தேவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அரங்கில் வேண்டிய ஒருமை கணக்கிலும் ஒருவர் கையிலேயே தங்கிவிடுகிறது. அவர் நோயில் விழுந்தாலோ மறைந்தாலோ ஜமா கலைகிறது. அவர் மனத்தில் மட்டும் இருந்த ஊர்த் தொடர்புகளும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும், ஏட்டில் ஏறாத பாட்டுகளும் அவரோடு போகின்றன.

இதற்கு மாற்று ஒன்றைத் தேடியவர்களின் கதை காஞ்சிபுரத்தில் இருக்கிறது. பெருங்கட்டூரைச் சேர்ந்த பெ. இராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பொன்னுசாமியும் கூத்து வாத்தியார். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு ஆட வந்தவர், பின்னாளில் நடிகராகவும் ஆசிரியராகவும் நாடக ஆசிரியராகவும் வளர்ந்தார். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஹன்னே டி புருயினும் அவரும், தொழில்முறைக் கூத்துக் கலைஞர்களைச் சேர்த்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு ஜமா இன்னொரு ஜமாவின் தேதியைத் தட்டிப்பறிக்கும் தொழிலில், போட்டியாளர்களே ஒரே சங்கத்தில் உறுப்பினர்களாக அமர்ந்தது சிறிய காரியமல்ல. அவர்கள் சேர்ந்து நடத்திய இரவு முழுவதுமான கூத்து விழாக்களில் பல ஜமாக்கள் ஒரே களரியில் ஆடின.

டி புருயினின் ஆய்வு இன்னொன்றையும் பதிவு செய்தது. ஒரு காலத்தில் இந்த ஆட்டம் பல ஊர்களில் மிராசு முறைக்குள் இருந்தது. குறிப்பிட்ட ஊழியச் சாதியினருக்குக் குறிப்பிட்ட ஊரில் ஆடும் உரிமை இருந்தது, ஆடியே ஆக வேண்டிய கடமையும் இருந்தது. விளைச்சலில் ஒரு பங்கும் விழாவில் ஒரு மரியாதையும் கிடைக்கும். மறுக்கும் உரிமை கிடைக்காது. அந்தக் கட்டிலிருந்து விலகிப் பல சாதியினரும் சேர்ந்த தொழில்முறை ஜமாக்கள் உருவானபோதுதான், கூத்தாடுகிறவர் தேதியும் தொகையும் பேசக்கூடியவர் ஆனார். பணம் புகுந்து கலை கெட்டது என்று வருந்துபவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும். பேரம் பேசும் உரிமைதான் கூத்துக்காரருக்குக் கிடைத்த முதல் சுயமரியாதை.

கோயில் வாசலில் அந்தச் சுயமரியாதை இன்னும் முழுமை பெறவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை மற்றச் சாதியினர் எதிர்த்ததால் 2023 ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. பாண்டவர்களின் வனவாசத்தையும் திரௌபதியின் அவமானத்தையும் இரவிரவாக ஆடிக் காட்டும் மரபின் கோயில் அது. சபையில் ஒரு பெண்ணுக்கு இழைத்த அநீதிக்காகப் படுகளம்வரை போகிற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், தம் தெருக்காரரையே வாசலில் நிறுத்தினார்கள். எந்த ஊர் கூத்துக்குத் தேதி கொடுத்தாலும், அந்த ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் களரி முன் சமமாக உட்கார முடியுமா என்று கேட்பதற்கு ஜமாக்களுக்கு உரிமை வேண்டும். தனி வாத்தியார் ஒருவர் அதைக் கேட்டால் அடுத்த ஆண்டு அவருக்கு வெற்றிலை பாக்கு வராது. சங்கமாகக் கேட்டால் ஊர் யோசிக்கும்.

பெண்கள் விஷயத்தில் காஞ்சிபுரம் சங்கம் துணிந்தது. கூத்தில் திரௌபதி, சுபத்திரை, பொன்னுருவி எல்லாமே பெரும்பாலும் ஆண்கள் கட்டும் வேஷங்கள். இரவுப் பயணம், கோயில் தீட்டுக் கணக்கு, மேடையேறும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சு என்று பெண்களைத் தள்ளிவைக்கக் காரணங்கள் பல அடுக்கப்பட்டன. 2002இல் சங்கம் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில், ஆண் பெண் இருபாலருக்கும் பள்ளிப் பாடத்தையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே கூரைக்குள் கொடுத்தது. படிப்பா ஆட்டமா என்று ஒரு குழந்தை தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பது பள்ளியை விட்டு ஆட வந்த இராஜகோபாலின் வாழ்க்கையிலிருந்தே பிறந்த தீர்மானம். அங்கே பெண் பிள்ளைகள் கட்டை கட்டினார்கள். மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்து, கிறுக்கி என்னும் சுழற்சியில் சுழன்று, துரியோதனனாகவும் துச்சாதனனாகவும் ஆடினார்கள். ஆண்கள் பெண் வேஷம் கட்டுவதை ஏற்ற ஊர்கள், பெண்கள் ராஜ வேஷம் கட்டுவதையும் பார்க்க வந்தன.

அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளில் அங்கே படித்தவர்கள் இன்றும் ஆடுகிறார்கள், கற்பிக்கிறார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பாடங்கள் மிஞ்சுகின்றன. பெண்கள் கற்றுக்கொள்வதற்கு வழி திறந்த பிறகும், திருமணத்துக்குப் பின் அவர்கள் தொடர்ந்து ஆடுவதற்கான வழி திறப்பதில்லை. கணவர் வீடு அனுமதித்தால் ஆடலாம் என்ற நிலையில் ஒரு கலைஞரின் தொழில் இருக்கும்வரை பயிற்சி மட்டும் போதாது. இன்னொன்று, தங்கும் விடுதி, சமையல், ஆசிரியர் சம்பளம் எல்லாம் சேர்ந்த ஒரு முழுநேரப் பள்ளியின் செலவு, கூத்துக்காரர்களின் வருமானத்தால் தாங்கக்கூடியதல்ல. எந்தக் கலைப் பள்ளியும் வெளியாரின் கொடையை மட்டும் நம்பினால், அதன் ஆயுள் ஆட்டக்காரர் கையில் இருக்காது.

இந்த இடத்தில்தான் ஓசூர் முக்கியமாகிறது. இரண்டு வளங்கள் இங்கே குவிந்து கிடக்கின்றன: பணமும், மாதச் சம்பளம் வாங்கும் இளம் பெண்களும்.

1970களில் சிப்காட் வந்ததிலிருந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எனத் தொழில் பெருகி, 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. போச்சம்பள்ளியில் அமைந்த ஓலா மின் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு மேல் வேலை பெறுவார்கள் என்று 2021இல் அந்நிறுவனம் அறிவித்தது. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண்கள் உட்படப் பல மாநிலத்துப் பெண்கள் வந்திருக்கிறார்கள். விடுதி, பேருந்து, ஷிப்ட், மறுபடி விடுதி என்று அவர்களின் நாள் ஓடுகிறது. அவர்களோடு ஆட்டமும் வந்திருக்கிறது. ஜார்க்கண்டில் கரம் பண்டிகைக்குக் கைகோத்து ஆடும் பெண்கள், ஓசூரில் ஆடுவதற்கு ஒரு திடல்கூடக் கேட்க முடியாதவர்கள். இந்த ஊரின் நடனச் சமூகம் யார் என்று எண்ணிப்பார்க்கும்போது குடியிருப்புகளில் நடக்கும் பரத வகுப்புகளும் சலங்கை பூசைகளும் உடனே நினைவுக்கு வருகின்றன. கூத்து ஜமாக்கள் அடுத்தபடியாக வருகின்றன. விடுதிப் பெண்கள் நினைவுக்கே வருவதில்லை.

பெண்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தின் சொந்தக்காரர்களாக இருக்க முடியும் என்பதற்கு ஓசூரிலேயே சான்று உண்டு. 1990களில் மைராடா தொண்டு நிறுவனமும் டைட்டனும் துணைநிற்க, சுயஉதவிக் குழுப் பெண்கள் சேர்ந்து மெடோ என்ற நிறுவனத்தைக் கட்டினார்கள். கைக்கடிகாரப் பட்டைகளைக் கோக்கும் வேலையை எடுத்துச் செய்தார்கள். அதன் பங்குதாரர்களும் அவர்களே. பள்ளிப்படிப்புக் குறைந்த கிராமத்துப் பெண்கள் தரக் கட்டுப்பாடு, கணக்கு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் கற்றார்கள். ஒரு கூத்து ஜமாவின் கணக்கு அதைவிடக் கடினமானதல்ல.

கம்பெனிகளின் பணம் கலைக்கு வருவதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகரச் சொத்துமதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் மரபுக் கலைகளின் மேம்பாடும் சேர்ந்திருக்கிறது. நடைமுறையில் பெரும் தொகை பள்ளிக் கட்டடம், குடிநீர், மருத்துவ முகாம் என்று போகிறது, அவை தேவையானவை. கலைக்கு என்று வருவது பெரும்பாலும் ஆண்டு விழாவில் அரைமணி நேரம் கரகாட்டமும் பொய்க்கால் குதிரையும் ஆடவைத்துப் பொன்னாடை போர்த்துவதுதான். இது ஆதரவு ஆகாது. விடியவிடியக் கதை சொல்லும் கலைஞரை வரவேற்பு வாசலில் நிறுத்துவது அவருடைய கலையைச் சுருக்குவது.

நீடித்த ஆதரவு வர வேண்டுமானால் ஜமாக்கள் பதிவு பெற வேண்டும். சமூகப் பொறுப்பு நிதியை வெளியமைப்பு மூலம் செலவிடும் நிறுவனம், பதிவு பெற்ற, முன்னனுபவம் உள்ள அமைப்பையே நாடும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த விதி, நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது. வாத்தியார் ஆயுளுக்கும் வாத்தியாராகவே இருக்கலாம். பாடமும் தாளமும் அவர் கையில் இருப்பதே நல்லது. பொருளாளரும் செயலாளரும் மட்டும் மாற வேண்டும். வட்டாரத்திலுள்ள ஜமாக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சங்கமாகப் பதிவு செய்து, நிர்வாகத்தில் மேளக்காரர்களுக்கும் பெண்களுக்கும் தலித் கலைஞர்களுக்கும் இடங்களைத் துணைவிதியிலேயே எழுதிவைத்தால், ஒரே தாளில் தலைமையின் உருவம் மாறும். ஆண்டுதோறும் ஒவ்வொரு இரவின் வரவும் பங்கும் எழுதிய கணக்கை உறுப்பினர் அனைவர் முன்னும் வாசிப்பதும் அதே துணைவிதியில் இருக்க வேண்டும். அமைப்பாக இயங்குவதற்கு முன்மாதிரியும் உண்டு: சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் களரி அமைப்பு, அந்தப் பக்கத்துக் கூத்தையும் பாவைக்கூத்தையும் ஆவணப்படுத்தி, முதிய கலைஞர்களை மேடையேற்றிச் சிறப்பித்து வருகிறது. அத்தகைய அமைப்பு அருகிலேயே இருப்பது கிருஷ்ணகிரிக்குப் பலம்.

பாதுகாப்பும் தலைமையின் பொறுப்பு. பாதுகாப்பின்மையைக் கிராமியக் கலைக்கு மட்டும் உரிய குறையாக எண்ணிவிடக் கூடாது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் நிறுவிய, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற கலாக்ஷேத்ராவில் 2023 மார்ச் இறுதியில் மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். பாலியல் தொல்லை பற்றிய அவர்களின் புகார்களை நிர்வாகம் செவிமடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ஆசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் மூவர் குழு விசாரித்தது. உலகப் புகழும் அரசு நிதியும் பெரும் வளாகமும் உள்ள நிறுவனத்திலேயே மாணவிகள் நடுத்தெருவில் குரலெழுப்ப வேண்டியிருந்தது. குருவை மறுத்துப் பேசுவதே பாவம் என்று பழக்கப்பட்ட துறையில், புகார் சொல்லும் வழியை முன்கூட்டியே அமைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. சிறிய பரத வகுப்புகளில் வேலை செய்யும் இளம் ஆசிரியைகளும், சிறு ஆடல் குழுக்களில் இரவுப் பயணம் போகும் கரகாட்டப் பெண்களும் போக வேண்டிய இடம் அதுதான். அந்தக் குழு இருப்பதை அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? கலைஞர்கள் சங்கம் இருந்தால் அதன் முதல் துண்டறிக்கை இதைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

ஒதுக்கப்பட்டவர் தலைமைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நர்த்தகி நடராஜ் இருக்கிறார். மதுரையில் பிறந்த திருநங்கை, தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர். 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர். விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, 2021இல் அவர் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராக அமர்த்தப்பட்டது. ஆடத் தெரிந்தவர் என்று கைதட்டிய சமூகம், முடிவெடுக்கத் தெரிந்தவர் என்றும் ஏற்றுக்கொண்ட நாள் அது. கரகம் ஏந்துவதற்குப் பெண் கோலம் பூண்ட ஆணை வணங்கும் எல்லையோர ஊர்களில், திருநங்கைக் கலைஞர்கள் விழாக் குழுவில் உட்காரும் நாள் இன்னும் வரவில்லை.

கற்பிப்பதிலும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் வழக்கமான மூன்றாண்டுப் படிப்பில் குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகள். கூத்து அந்த ஏழில் இல்லை. மாவட்டத்தின் திருவிழாக்களில் ஊரே திரண்டு பார்க்கும் ஆட்டத்துக்கு, அரசின் முழுநேர வகுப்பறையில் இடமில்லை. கூத்து வாத்தியார் ஒருவரை அங்கே பகுதிநேர ஆசிரியராக அமர்த்துவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பட்டம் கேட்காமல் ஆடிய ஆண்டுகளைத் தகுதியாக ஏற்கும் ஓர் அரசாணை போதும்.

தொடக்கத்தில் சொன்ன நேரச் சிக்கலுக்கு நேரடியான தீர்வு எதுவும் இல்லை. தூக்கம் கெடும் நோயாளிக்கும் மறுநாள் தேர்வெழுதும் மாணவிக்கும் ஒலி மாசு விதி தேவை. அதை எதிர்த்துப் போராடுவது சரியல்ல. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பும் கூத்து இருந்தது. முகவீணையும் தாளமும் திறந்த குரலும் ஊர் எல்லைவரை கேட்டன. மாலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும் சுருக்கப் பிரதிகளைச் சில ஜமாக்கள் ஆடிப் பார்க்கலாம். படுகளம் போன்ற சடங்கு நாள்களை மட்டும் விடியும்வரை, ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு ஆடலாம். எதைச் சுருக்குவது, எதைச் சுருக்கவே கூடாது என்பதைப் போலீஸ் அனுமதிக் கடிதமோ, விழாக் குழுவின் அவசரமோ தீர்மானிக்கக் கூடாது. கதையை அறிந்த ஆட்டக்காரர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். அதே கூட்டத்தில், பங்குனி முதல் ஆடிவரை ஆடப்போகும் இரவுகளின் பட்டியலை முன்கூட்டியே எழுதித் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவுகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் அனுப்பலாம். மத்தளம் வாசிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், கூத்துப் பார்க்க ஊருக்குப் போக நினைக்கும் விடுதிப் பெண்ணுக்கும், அந்த வாரத்தில் மூன்றாம் ஷிப்டை மாற்றித் தரக் கேட்பதற்கு அந்தப் பட்டியல் ஒரு சான்றாக இருக்கும்.